சுழலி முதல் மென்பொருள் வரை: டிஜே கருவித் தேர்வின் வரலாறு

1. முன்னுரை

ஒரு கருவியை உருவாக்கியவர் கருதிய பயன் ஒன்றாகவும், அதனைக் கையாண்டவர் கண்ட பயன் வேறொன்றாகவும் அமைவது தொழில்நுட்ப வரலாற்றில் பலமுறை நிகழ்ந்துள்ளது. டிஜே எனப்படும் கலைஞரின் கருவிகள் இதற்குத் தக்க சான்றாகும். வீட்டுக் கூடத்தில் அமர்ந்து இசை கேட்போருக்காகச் செய்யப்பட்ட இசைத்தட்டுக் கருவி, நடனக்கூடங்களிலும் ஏழை மக்களின் குடியிருப்புகளிலும் தனியோர் இசைக்கருவியாகவே மாறியது. இன்று நம் நாட்டுத் திருமண விருந்துகளில் மேடையின் ஓரத்தில் மடிக்கணினியுடன் நிற்கும் இளைஞர் கையாளும் கருவி, அம்மாற்றத்தின் அண்மைய வடிவமேயாகும்.

இக்கட்டுரை 1970களிலிருந்து இன்றுவரை டிஜே கருவிகளும் மென்பொருள்களும் மாறிவந்த வகையை ஆராய முற்படுகின்றது. கருவிகளை ஆண்டு வரிசையில் அடுக்குவது மட்டும் இதன் நோக்கமன்று. எக்கருவிகள் நிலைபெற்றன, எவை மறைந்தன, அதற்குக் காரணம் யாது என்னும் வினாக்களுக்கு விடை காண்பதே நம் நோக்கமாகும். பள்ளி, கல்லூரிக் கலைநிகழ்ச்சிகளுக்கு இத்தகைய கருவிகளைத் தேர்ந்து வாங்கும் பொறுப்பு ஆசிரியர்களிடமும் வந்து சேர்வதால், வரலாறு தரும் படிப்பினை நடைமுறைக்கும் உதவும் என நம்புகின்றோம்.

டிஜே என்னும் சொல், முதலில் இசைத்தட்டுகளை ஒலிபரப்பிய அமெரிக்க வானொலி அறிவிப்பாளரைக் குறித்தது. பின்னாளில், நடனமாடுவோருக்காகப் பாடல்களை இடைவெளியின்றித் தொடுத்து ஒலிக்கச் செய்பவரையும் குறிக்கலாயிற்று. இக்கட்டுரையில் டர்ன்டேபிள் எனப்படும் இசைத்தட்டுக் கருவியைச் சுழலி என்றும், மிக்சரை ஒலிக்கலப்பி என்றும் குறிப்பிடுகின்றோம். பிற சொற்கள் பெரும்பாலும் வழக்கில் உள்ளவாறே ஆளப்படுகின்றன.

2. டிஜேயின் மூன்று தேவைகள்

ஒரு பாடல் முடிந்து மற்றொரு பாடல் தொடங்கும் இடைவெளியில் ஆடுவோரின் கால்கள் நின்றுவிடுகின்றன. ஆடுகளம் கலையாதிருக்க வேண்டுமெனில், முதற்பாடல் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் பாடல் அதன் தாளத்தோடு பொருந்தி உள்ளே நுழைதல் வேண்டும். இதற்கு மூன்று வசதிகள் இன்றியமையாதன.

முதலாவது, வேகக் கட்டுப்பாடு. நிமிடத்திற்கு 120 அடிகள் கொண்ட பாடலையும் 121 அடிகள் கொண்ட பாடலையும் ஒன்றாகத் தொடங்கினால், அரை நிமிடத்திற்குள் ஒன்றன் அடி மற்றொன்றன் இரு அடிகளுக்கு நடுவே விழத் தொடங்கும். ஓர் அடி வேறுபாடே தாளத்தைக் குலைத்துவிடுகின்றது. 120 அடிப் பாடலை 125 அடிப் பாடலோடு இணைக்க, முதலாவதன் வேகத்தை ஏறத்தாழ 4.2 விழுக்காடு உயர்த்த வேண்டும். ஆனால் இசைத்தட்டின் வேகம் உயரும்போது சுருதியும் உயரும். ஏறத்தாழ 6 விழுக்காடு வேகம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். காலப்பிரமாணம் வேறு, சுருதி வேறு என்பதைக் கர்நாடக இசை பயின்றோர் நன்கறிவர். இசைத்தட்டிலோ அவ்விரண்டும் பிரிக்க இயலாதவாறு பிணைந்திருந்தன.

இரண்டாவது, முன்கேட்பு. அவையோர் முதற்பாடலைக் கேட்டுக்கொண்டிருக்க, டிஜே மட்டும் அடுத்த பாடலை ஹெட்போன் வழியாகக் கேட்டு, அதன் தொடக்க அடியைக் கண்டறிந்து ஆயத்தப்படுத்த வேண்டும். மூன்றாவது, தொடுகை. கண்டறிந்த அடியில் பாடலைக் கையால் நிறுத்திவைக்கவும், உரிய கணத்தில் விடுவிக்கவும், சற்றே முன்னும் பின்னும் நகர்த்தவும் கருவி இடந்தர வேண்டும். பின்வரும் வரலாறு முழுவதையும் இம்மூன்று தேவைகளின் வரலாறாகவே நாம் காண்கின்றோம்.

3. நடனக்கூடமும் ஒலிக்கலப்பியும்

1970ஆம் ஆண்டையொட்டி நியூயார்க் நகரின் சாங்சுவரி என்னும் நடனக்கூடத்தில் பிரான்சிஸ் கிராசோ என்பவர் இரண்டு சுழலிகளைக் கொண்டு பாடல்களை இணைத்து வந்தார். தேவாலயமாக இருந்த கட்டடமே அந்நடனக்கூடமாக மாற்றப்பட்டிருந்தது. அடியில் உள்ள உலோகத் தட்டு சுழன்றுகொண்டிருக்க, மேலுள்ள இசைத்தட்டை மட்டும் விரலால் பிடித்துவைத்து, உரிய நேரத்தில் விடுவிக்கும் முறையை அவர் கையாண்டார். தாளப் பொருத்தத்தைக் கலையாக வளர்த்த முன்னோடிகளுள் அவர் ஒருவராகக் கருதப்படுகின்றார்.

இரு பாடல்களையும் தனித்தனியே கேட்கவும் கலக்கவும் ஏற்ற கருவி அக்காலச் சந்தையில் இல்லை. அலெக்ஸ் ரோஸ்னர் என்னும் ஒலிப்பொறியாளர் நடனக்கூடத்திற்கெனத் தாமே ஓர் ஒலிக்கலப்பியை உருவாக்கினார். சிவப்பு வண்ணம் பூசப்பெற்றிருந்தமையால் அது ரோசி என்று அழைக்கப்பட்டது. 1971இல் போசாக் நிறுவனம் வெளியிட்ட ஒலிக்கலப்பி, டிஜேக்களுக்கென வணிக நோக்கில் செய்யப்பட்ட முதற்கருவிகளுள் ஒன்றாகும். அடுத்த பாடலை ஹெட்போனில் மட்டும் கேட்கும் வசதி இதன்வழி நடனக்கூடங்களில் பரவியது. முன்கேட்பு என்னும் தேவை இவ்வாறு நிறைவேறிற்று.

இசைத்தட்டும் டிஜேயின் தேவைக்கேற்ப மாறியது. 1976இல் சால்சோல் நிறுவனம் ஒரே பாடலைக் கொண்ட 12 அங்குல இசைத்தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய தட்டில் ஒரு பாடலை மட்டும் பதிக்கும்போது வரிப்பள்ளங்களுக்கிடையே இடைவெளி மிகுகின்றது. அதனால் ஒலி உரத்தும், தாழ்ந்த சுரங்கள் ஆழமாகவும் பதிவாகின்றன. அகன்ற வரிப்பள்ளங்களில் ஊசியை வேண்டிய இடத்தில் வைப்பதும் எளிதாயிற்று.

4. பிராங்க்ஸ் குடியிருப்புகளில் தோன்றிய கைத்திறன்

நியூயார்க் நகரின் மற்றொரு பகுதியான பிராங்க்சில் வேறொரு மரபு உருவாகிக்கொண்டிருந்தது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்து, 1967இல் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த கிளைவ் கேம்பல், கூல் ஹெர்க் என்னும் பெயரால் அறியப்பட்டார். பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவில் நிறுத்தி இசை வழங்கும் வழக்கம் 1950கள் முதற்கொண்டே கிங்ஸ்டனில் வேரூன்றியிருந்தது. அவ்வழக்கத்தை அறிந்திருந்த அவர், 1973 ஆகஸ்டு 11ஆம் நாள், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில், தம் தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் இசை வழங்கினார். ஹிப்ஹாப் பண்பாட்டின் தொடக்க நாளாக அந்நாள் போற்றப்படுகின்றது.

பாடகர் குரலும் பிற கருவிகளும் அடங்கித் தாளக்கருவிகள் மட்டும் ஒலிக்கும் பகுதியில் ஆடுவோர் மிகுந்த ஊக்கம் கொள்வதை ஹெர்க் கவனித்தார். பிரேக் எனப்படும் அப்பகுதி சில விநாடிகளே நீடிக்கும். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழலிகளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடிந்ததும் மற்றொன்றில் அதே பகுதியைத் தொடங்கி, அதனை நீட்டிக்கும் முறையை அவர் உருவாக்கினார். இங்கு டிஜே பாடலைத் தொடுப்பவராக மட்டுமின்றி, பாடலின் அமைப்பையே மாற்றுபவராகின்றார்.

இம்முறையைத் துல்லியமான கைத்திறனாக வளர்த்தவர் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் எனப்படும் ஜோசப் சாட்லர் ஆவார். பார்படோசில் பிறந்து பிராங்க்சில் வளர்ந்த அவர், தொழிற்பள்ளியில் மின்னணுவியல் பயின்றவர். பிரேக் தொடங்கும் இடத்தை இசைத்தட்டின் மீது வண்ணக் கோலால் குறித்து, எத்தனை சுற்று பின்னோக்கித் திருப்ப வேண்டும் என்று கணக்கிட்டார். முன்கேட்புக்கான மின்விசையைத் தாமே பொருத்திக்கொண்டார். உலோகத் தட்டுக்கும் இசைத்தட்டுக்கும் இடையே கஞ்சி ஏற்றி விறைப்பாக்கிய கம்பளித் துணியை வைத்து, உராய்வைக் குறைத்ததாக அவர் கூறியுள்ளார். இன்று ஸ்லிப்மேட் என்ற பெயரில் விற்கப்படும் துணைப்பொருளும் இதே பணியைச் செய்கின்றது. இசைத்தட்டை ஊசியின்கீழ் முன்னும் பின்னும் தேய்த்து ஒலியெழுப்பும் ஸ்கிராட்ச் முறையை 1970களின் நடுப்பகுதியில் கண்டறிந்தவராகக் கிராண்ட் விசார்ட் தியோடோர் குறிப்பிடப்படுகின்றார். இச்செயல்களுக்கென எந்நிறுவனமும் அக்காலத்தில் கருவி செய்து தரவில்லை என்பது கருதத்தக்கது.

கருவியின் விலை அவ்விளைஞர்களுக்குப் பெருந்தடையாக இருந்தது. பழைய ஒலிபெருக்கிகளையும் கைவிடப்பட்ட பாகங்களையும் இணைத்தே பலர் தொடங்கினர். 1977 ஜூலை 13ஆம் நாள் இரவு நியூயார்க்கில் ஏற்பட்ட மின்தடையின்போது கடைகள் பல சூறையாடப்பட்டன. அதன்பின் டிஜே குழுக்களின் எண்ணிக்கை பெருகியதாக அக்காலத்தவர் சிலர் நினைவுகூர்ந்துள்ளனர். ஒரு கலையின் வரலாற்றில் திறமைக்கு மட்டுமன்றிக் கருவி யார் கைக்கு எட்டுகின்றது என்பதற்கும் இடமுண்டு என்பதை இச்செய்தி உணர்த்துகின்றது.

5. ஒசாக்காவில் பிறந்த சுழலி

பழைய சுழலிகளில் மோட்டாரின் சுழற்சி ஒரு ரப்பர்ப் பட்டையின் வழியாகவோ சிறு சக்கரத்தின் வழியாகவோ தட்டுக்குச் சென்றது. பட்டை வழி இயங்கும் சுழலியில் தட்டு முழு வேகத்தை அடையச் சற்று நேரம் பிடிக்கும். கையால் அடிக்கடி நிறுத்தினால் பட்டை நெகிழ்ந்து நழுவும். ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 1970இல் டெக்னிக்ஸ் என்னும் வணிகப் பெயரில், பட்டையின்றி மோட்டாரின் அச்சிலேயே தட்டைப் பொருத்திய நேரடி இயக்கச் சுழலியை வெளியிட்டது. ஷுய்ச்சி ஒபாட்டா என்னும் பொறியாளர் இம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். 1972இல் வந்த எஸ்எல்-1200, வீட்டில் துல்லியமாக இசை கேட்க விரும்புவோருக்காகச் செய்யப்பட்டதாகும். ஒலிபெருக்கியின் அதிர்வு ஊசியை எட்டாதிருக்கக் கனமான அடிப்பகுதியும், வேகம் பிறழாதிருக்க வலிய மோட்டாரும் அதற்கு அமைந்தன.

இவ்விரு பண்புகளும் டிஜேக்களுக்கே பெரிதும் பயன்பட்டன. அதிரும் தளத்தில் ஊசி குதிக்கவில்லை. கையை எடுத்த கணத்தில் தட்டு உரிய வேகத்தை எட்டியது. பயனாளரின் இந்த எதிர்பாராத வரவேற்பை நிறுவனமும் கருத்திற்கொண்டது. 1979இல் வந்த அக்கருவியின் இரண்டாம் வடிவத்தில், படிகக் கட்டுப்பாட்டில் இயங்கும் மோட்டாரும், வேகத்தை 8 விழுக்காடுவரை கூட்டவும் குறைக்கவும் உதவும் நீண்ட நழுவு விசையும் இடம்பெற்றன. 120 அடிப் பாடல் ஒன்றை ஏறத்தாழ 110 முதல் 130 அடிவரை நகர்த்த இவ்வளவு போதுமானது. வேகக் கட்டுப்பாடும் தொடுகையும் ஒரே கருவியில் ஒன்றிணைந்தன. 1970களின் பிற்பகுதியில் ஒலிக்கலப்பிகளில் கிராஸ்ஃபேடர் என்னும் குறுக்கு விசையும் இடம்பெறத் தொடங்கியது. ஒரே விரலசைவில் ஒரு சுழலியிலிருந்து மற்றொன்றுக்கு ஒலியை மாற்ற அது உதவியது.

இரு சுழலிகளும் நடுவே ஓர் ஒலிக்கலப்பியும் என்னும் அமைப்பு இவ்வாறு நிலைபெற்றது. எஸ்எல்-1200 வரிசையின் உற்பத்தி 2010இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் 2016இல் அது மீண்டும் தொடங்கப்பெற்று, 2019இல் டிஜேக்களை முன்னிட்டு ஏழாம் வடிவமும் வெளிவந்தது. நாற்பது ஆண்டுகட்குமுன் வாங்கிய சுழலிகள் இன்றும் பழுது நீக்கப்பெற்றுப் பயன்பட்டு வருகின்றன.

6. குறுவட்டு: தொடுகையை இழந்து மீட்ட கதை

1982இல் குறுவட்டு சந்தைக்கு வந்தது. ஒரு விநாடி இசையை 44,100 மாதிரிகளாக எடுத்து, ஒவ்வொன்றையும் 16 இரும எண்களால் குறிக்கும் முறை அது. தேய்மானமும் கீறல் ஓசையும் குறைந்தன. எனினும் டிஜேக்கள் அதனை உடனே ஏற்கவில்லை. வட்டு ஒரு பெட்டிக்குள் மறைந்து சுழன்றது. விரலுக்கு அங்கு வேலையில்லை. இசைத்தட்டின் மீது ஒளி விழும்போது வரிப்பள்ளங்களின் அடர்த்தி வேறுபாட்டைக் கண்டு பாடலின் அமைப்பை உணர்ந்த கண்ணுக்கும் அங்கு இடமில்லாமற்போயிற்று.

1994இல் பயனீர் நிறுவனம் டிஜேக்களுக்கென சிடிஜே-500 என்னும் குறுவட்டுக் கருவியை வெளியிட்டது. வேகத்தை மாற்றலாம், குறித்த இடத்திற்குத் திரும்பலாம். ஆயினும் 2001இல் வந்த சிடிஜே-1000 கருவியே பெருந்திருப்பத்தை ஏற்படுத்தியது. அதன் மேற்பரப்பில் அமைந்த பெரிய வட்டச் சக்கரத்தைத் தொட்டால் இசை நின்றது; பின்னோக்கித் திருப்பினால் இசையும் பின்னோக்கி ஓடியது. உள்ளே சுழலும் வட்டுக்கும் மேலேயுள்ள சக்கரத்திற்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. கையின் அசைவைக் கணித்து, நினைவகத்தில் உள்ள ஒலியை அதற்கேற்ப இயக்கியதே அதன் நுட்பம். இழந்த தொடுகை மீண்டபின்னரே குறுவட்டுக் கருவி நடனக்கூடங்களில் சுழலியின் இடத்தைப் பிடித்தது என்பது நம் முதன்மைக் கருத்துக்கு வலிவூட்டுகின்றது. 2020இல் வந்த சிடிஜே-3000 கருவியில் குறுவட்டைச் செருகும் வாயிலே இல்லை; பெயரில் மட்டும் குறுவட்டு எஞ்சி நிற்கின்றது. ஆனால் வட்டச் சக்கரம் அகற்றப்படவில்லை.

7. கணினியும் குறியீட்டு இசைத்தட்டும்

1990களின் பிற்பகுதியில் எம்பி3 கோப்புகள் பரவின. ஒரு பெட்டி இசைத்தட்டின் எடையைச் சுமந்த டிஜே, ஆயிரக்கணக்கான பாடல்களைக் கணினியில் கொண்டுசெல்லும் நிலை உருவாயிற்று. ஆனால் விசைப்பலகையையும் சுட்டியையும் கொண்டு தாளத்தைப் பிடிப்பது கைத்திறனுக்கு உகந்ததாக இல்லை.

இச்சிக்கலுக்கு நெதர்லாந்தின் என்2ஐடி நிறுவனம் ஒரு தீர்வைக் கண்டது. பைனல் ஸ்கிராட்ச் என்னும் அம்முறை 2000களின் தொடக்கத்தில் ஸ்டான்டன் நிறுவனத்தின் வழியாக விற்பனைக்கு வந்தது. இதற்கெனச் செய்யப்பட்ட இசைத்தட்டில் பாடல் இராது. ஒரு குறியீட்டொலி மட்டுமே பதிந்திருக்கும். சுழலியின் ஊசி அதனைப் படித்துக் கணினிக்கு அனுப்பும். தட்டு எவ்வளவு விரைவாகச் சுழல்கின்றது, எத்திசையில் நகர்கின்றது, ஊசி எவ்விடத்தில் உள்ளது என்பவற்றை மென்பொருள் கணக்கிட்டு, கணினியில் உள்ள பாடலை அதற்கேற்ப ஒலிக்கச் செய்யும். பழைய சுழலி, பழைய ஒலிக்கலப்பி, பழைய விரற்பழக்கம் ஆகிய அனைத்தும் அவ்வாறே இருக்க, பாடல் மட்டும் கணினிக்கு இடம்மாறியது. நியூசிலாந்தின் செராட்டோ நிறுவனம், ரேன் நிறுவனத்துடன் இணைந்து 2004இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் லைவ் இம்முறையை உலகெங்கும் பரப்பியது. செராட்டோவின் முதல் மென்பொருள், சுருதியையும் வேகத்தையும் பிரித்துத் தனித்தனியே மாற்ற உதவியதாகும். இசைத்தட்டில் பிணைந்திருந்த அவ்விரண்டும் கணினியில் இவ்வாறு பிரிந்தன.

இதே காலத்தில் பிற மென்பொருள்களும் தோன்றின. பெர்லினைச் சேர்ந்த நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2000இல் டிராக்டரை வெளியிட்டது. 2003இல் விர்ச்சுவல்டிஜே வந்தது. 2001இல் முனைவர் பட்ட ஆய்வின் பகுதியாகத் தொடங்கப்பெற்ற மிக்ஸ், கட்டற்ற மென்பொருளாக இன்றும் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு வருகின்றது. பல்கலைக்கழக ஆய்வு ஒன்று பொதுமக்களின் கைக்கருவியாக வளர்ந்தமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும். இம்மென்பொருள்களின் திரையில் ஓடும் அலைவடிவப் படம், இசைத்தட்டின் வரிப்பள்ளங்களைக் கண்ணால் படித்த பழக்கத்தின் தொடர்ச்சி எனக் கொள்ளலாம். சுழலிகளையும் ஒலிக்கலப்பியையும் ஒரே பலகையில் சுருக்கிய கன்ட்ரோலர்கள் அடுத்துப் பரவின. இரு வட்டச் சக்கரங்களும் நடுவே விசைகளும் கொண்ட அவற்றின் தோற்றம் 1970களின் அமைப்பையே பின்பற்றுகின்றது.

8. ஒத்திசைவுப் பொத்தானும் திறன் பற்றிய வினாவும்

மென்பொருள் பாடலை முன்னரே ஆராய்ந்து, அதன் அடிகள் விழும் இடங்களைக் கணித்து வைக்கின்றது. சிங்க் எனப்படும் ஒத்திசைவுப் பொத்தானை அழுத்தினால் இரு பாடல்களின் வேகமும் அடியும் தாமே பொருந்துகின்றன. பல மாதப் பயிற்சியால் பெற்ற திறன் ஒரு பொத்தானுக்குள் அடங்கிவிட்டது. 2012இல் நடனக்கூடங்களின் முதன்மைக் கருவியாக விளங்கிய சிடிஜே வரிசையிலும் இது இடம்பெற்றபோது, இதனை ஏற்பதா மறுப்பதா என்னும் விவாதம் டிஜேக்களிடையே வலுத்தது.

திறன் அழிந்துவிட்டது என்பதும், திறன் விடுதலை பெற்றது என்பதும் இருவேறு வாதங்கள். பொத்தானால் மிஞ்சிய கவனத்தைப் பாடல் தேர்விலும் அவையறிதலிலும் செலுத்தலாம் என்பது உண்மையே. அதே வேளையில், செவியால் அடியைப் பிடிக்கும் பயிற்சி குன்றுவதும் உண்மையே. மின்னணுச் சுருதிப் பெட்டி வந்தபின்னும் மாணவர் சுருதி சேர்க்கக் கற்பதை எந்த இசையாசிரியரும் கைவிடச் சொல்வதில்லை. தாளம் கையில் நிற்கும்வரை பொத்தானைத் தொடாதிருப்பதே கற்போர்க்கு நலம் என்பது நம் துணிபு.

இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. ஒத்திசைவு வசதி பெரும்பாலும், மாறாத வேகமும் நான்கடிச் சுற்றும் கொண்ட இசையை அடிப்படையாகக் கொண்டது. சுழல்பகுதிகளும் 4, 8, 16 அடிகள் என்றே அளவிடப்படுகின்றன. முழு வாத்தியக் குழுவும் ஒருங்கே அமர்ந்து வாசித்துப் பதிவான பழைய தமிழ்த் திரைப்பாடல்களில் வேகம் சிறிதளவு ஏறியும் இறங்கியும் செல்வது இயல்பு. திஸ்ர நடையில் அமைந்த பாடலுக்கோ, ஏழடி மிச்ர சாபுவில் அமைந்த பாடலுக்கோ நான்கின் மடங்கான சுழல்பகுதி பொருந்துவதில்லை. அத்தகைய பாடல்களில் மென்பொருள் இட்ட அடிக்குறிகள் பிழைபடும்போது, செவிப்பயிற்சி உடையவரே ஆடுகளத்தைக் காக்க வல்லவர். நம் இசையை ஒலிக்கச் செய்ய விரும்பும் இளைஞருக்குக் கைத்திறன் இன்றும் தேவைப்படுவதன் காரணம் இதுவே.

9. கருவியின் ஆயுள்

சுழலிக்கும் மென்பொருளுக்கும் இடையே நாம் காணும் மிகப் பெரிய வேறுபாடு ஆயுளாகும். 1979இன் சுழலி இன்றும் ஓடுகின்றது. 2004இன் ஸ்கிராட்ச் லைவோ, செராட்டோ டிஜே வெளிவந்தபின் படிப்படியாகக் கைவிடப்பட்டது. 2019இல் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் மென்பொருளை நீக்கியபோது, அதன் பாடற்பட்டியலை நம்பியிருந்த டிஜேக்கள் இடர்ப்பட்டனர். இணையவழி இசைச்சேவையும் நிலையானதன்று. ஸ்பாட்டிஃபை 2020 ஜூலையில் பிற நிறுவனங்களின் டிஜே மென்பொருள்களில் ஒலிப்பதை நிறுத்தியது. 2025இல் அவற்றுட் சிலவற்றோடு மீண்டும் இணைந்தது.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இவ்வனுபவம் புதிதன்று. ஒருங்குறி நிலைபெறுவதற்குமுன் ஆளுக்கோர் எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகள், பின்னாளில் திறந்து பார்த்தபோது பொருளற்ற குறிகளாய்த் தோன்றியதை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். பல்லாண்டு உழைப்பில் ஒரு டிஜே குறித்துவைத்த தொடக்க இடங்களும் வரிசைகளும் ஒரே மென்பொருளுக்குள் பூட்டப்பட்டிருப்பின், அவ்வுழைப்புக்கும் அதே கதி நேரலாம். டிஜேயின் தொகுப்பு ஒரு காலத்து மக்களின் இசைச் சுவைக்கு ஆவணம் என்பதால், இவ்விழப்பைத் தனியொருவரின் இழப்பாக மட்டும் கருதுவதற்கில்லை.

10. தேர்வு செய்வோர்க்குச் சில நெறிகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து கருவி வாங்குவோர்க்குப் பயன்படும் சில நெறிகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவதாக, விலைப்பட்டியலைக் காணுமுன் மூன்று தேவைகளையும் சோதித்தறிதல் வேண்டும். வேக விசை நீண்டு, நுண்ணிய மாற்றத்திற்கு இடந்தருகின்றதா? ஹெட்போனில் முன்கேட்கத் தனி ஒலிவழி உண்டா? சக்கரத்தைத் தொட்டவுடன் இசை தாமதமின்றி விடையளிக்கின்றதா? மடிக்கணினியின் ஒரே ஒலிவாயிலை நம்பினால் முன்கேட்பு இயலாது. இரண்டு ஒலிவழிகள் கொண்ட ஒலி அட்டை கன்ட்ரோலரிலேயே அமைந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, தாமதத்தைப் பற்றிய தெளிவு வேண்டும். ஒலி 10 மில்லி விநாடியில் ஏறத்தாழ 3.4 மீட்டர் செல்கின்றது. மண்டபத்தின் முன்புறத்தில் உள்ள ஒலிபெருக்கிக்கு 17 மீட்டர் பின்னால் நிற்கும் டிஜே, அவ்வொலியை 50 மில்லி விநாடி தாழ்த்தியே கேட்கின்றார். இந்நிலையில் எத்திறனுடையவரும் தாளத்தைத் தவறவிடுவர். எனவே டிஜேயின் அருகிலேயே சிறிய ஒலிபெருக்கி ஒன்றை வைத்தல் இன்றியமையாதது.

மூன்றாவதாக, சுழலியைப் பயன்படுத்துவோர் அதன் ஒலிக்குறிகை மிக மெல்லியது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அதனை ஒலிக்கலப்பியின் போனோ வாயிலில்தான் இணைக்க வேண்டும். தரைக்கம்பியையும் பூட்ட வேண்டும். இல்லையேல் இரைச்சலே மிகும்.

நான்காவதாக, கோப்பின் தரம் கருதப்பட வேண்டும். குறுவட்டின் ஒலி விநாடிக்கு 1,411 கிலோபிட் கொண்டது. 128 கிலோபிட் எம்பி3 கோப்பில் இழந்தவை பெரிய ஒலிபெருக்கியில் வெளிப்படும். 320 கிலோபிட் எம்பி3 அல்லது இழப்பில்லாத பிளாக் வடிவக் கோப்புகளே மண்டபத்திற்கு ஏற்றவை. பாடல்களைச் சொந்தக் கோப்பாக வைத்திருப்பதும், அவற்றையும் பட்டியலையும் வேறொரு வட்டகத்தில் படியெடுத்து வைப்பதும் இழப்பைத் தவிர்க்கும்.

பள்ளிகளைப் பொறுத்தவரை, இரு சக்கரங்களும் உள்ளமைந்த ஒலி அட்டையும் கொண்ட எளிய கன்ட்ரோலர் ஒன்றும், அதனை ஏற்கும் மிக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளும் தொடக்கத்திற்குப் போதுமானவை.

11. முடிவுரை

அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் இசைத்தட்டு குறுவட்டாகவும், குறுவட்டு கோப்பாகவும் மாறியது. எனினும் வேகக் கட்டுப்பாடு, முன்கேட்பு, தொடுகை என்னும் மூன்று தேவைகளும் மாறவில்லை. அவற்றை நிறைவேற்றிய கருவிகள் நிலைத்தன. தொடுகையை மறந்த கருவிகள், அதனை மீட்டுத் தரும்வரை ஏற்கப்படவில்லை. அண்மையாண்டுகளில் பாடலிலிருந்து குரலையும் தாளத்தையும் பிரித்தெடுக்கும் வசதியும் மென்பொருள்களில் வந்துள்ளது. 1973இல் கூல் ஹெர்க் இரு தட்டுகளைக் கொண்டு தேடிய தாளப்பகுதியை இன்று கணினி நொடியில் தனித்தெடுக்கின்றது. ஆயினும் ஆடுவோர் எப்பகுதியில் ஊக்கம் கொள்கின்றனர் என்பதை முதலில் கண்டது அவருடைய கண்களே. அந்தக் கவனிப்பை மாணவரிடம் வளர்த்த பின்னர்க் கருவியை அவர் கையில் கொடுப்பதே ஆசிரியர்க்குரிய முறையாகும் என்பது இவ்வாய்வின்வழி நாம் பெறும் முடிவாகும்.